உப்புக் காற்றும் ஒட்டுப் பலகையும்

பழைய வீட்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் இன்று ஒரே பல்லவிதான். "வீடு நல்ல வீடுங்க, ஆனா சாமான் வைக்க இடமே இல்ல." அனுபல்லவியும் கூடவே வரும்: "ஒரு சுவர் முழுக்க வார்ட்ரோப் அடிச்சிட்டீங்கன்னா சரியாயிடும்." கடைக்காரர் சொல்கிறார். கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்த மைத்துனர் சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை படம் அனுப்பியே சொல்கிறான். கடலூர் தேவனாம்பட்டினத்தில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில், சுண்ணாம்புக் காரைச் சுவருள்ள ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டு இதை நான் மறுக்கப் போகிறேன்.

என் கட்சி இதுதான். பழைய வீட்டில் இடம் இருந்தது. அதை அடைத்தவர்கள் நாம். கடலோரத்தில் துணிமணிக்கும் காகிதத்துக்கும் முதல் எதிரி ஈரம். அந்த ஈரத்தைத் தெரிந்துகொண்டு கட்டியது பழைய சுவர் அலமாரி. ஆலையில் அறுத்து, இங்கே கொண்டுவந்து பூட்டுகிற வார்ட்ரோப்புக்கு அந்த ஈரம் தெரியாது. தெரியாத அந்தப் பெட்டிக்கு நாம் பல மடங்கு பணம் கொடுக்கிறோம்.

எங்கள் வீட்டுக்கும் அளவெடுக்க ஒருவர் வந்தார். சிவப்புப் புள்ளி அடிக்கும் கருவியைச் சுவரில் காட்டினார். அகலம் பத்தடி, உயரம் ஏழடி, மேலே லாஃப்டுக்கு இரண்டடி. கணக்குப் போட்டு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றார். "ஆஃபர் விலை சார்" என்று சேர்த்துக்கொண்டார். 1690 இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து எங்கள் ஊர்க் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் சேர்த்தி என்று பேச்சு. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்கிற பெயர்களை இன்றும் அந்த அளவையோடு சேர்த்துச் சொல்வார்கள். சிவப்புப் புள்ளி விழுந்த சுவரெல்லாம் வார்ட்ரோப் என்று அவர் அளந்துகொண்டு போனபோது எனக்கு அந்தப் பீரங்கிதான் நினைவுக்கு வந்தது.

அவர் போன மறுநாள் வேறு வேலையாகக் கொத்தனார் வந்தார். பேச்சோடு பேச்சாக விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். சத்தம் மாறியிருந்தது. "இங்க அடச்சிருக்காங்க சார்." உளியை வைத்துப் பூச்சைப் பெயர்த்தால், உள்ளே மூன்றடி அகலத்துக்கு, ஒரு அடி ஆழத்துக்கு, ஆள் உயர அலமாரி. பலகைகள் இல்லை, பலகை உட்கார்ந்த தடம் இருந்தது. பக்கத்தில் விளக்குப் பிறை, அதன் கூரையில் பழைய புகைக்கரி. யார் அடைத்தது என்று அம்மாவைக் கேட்டேன். "உங்க அப்பாதான். ஸ்டீல் பீரோ வாங்கினப்போ, அத நிறுத்த நேர் சுவர் வேணும்னு அடச்சாரு." ஆக, சாமான் வைக்கும் இடத்தை அடைத்து, அதன் முன்னால் சாமான் வைக்கும் பெட்டியை நிறுத்தியிருக்கிறோம். பிறகு நாற்பது வருஷமாக இடமில்லை என்று புலம்பியிருக்கிறோம்.

பழைய கொத்தனுக்கு இந்த விஷயத்தில் அறிவு போதவில்லை என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். அந்தக் காலத்து வீட்டின் பட்டியலைப் போட்டுப் பார்ப்போம். விளக்குக்கும் சாவிக்கும் பிறை. பாத்திரத்துக்கும் புத்தகத்துக்கும் சுவர் அலமாரி. அடிக்கடி எடுக்காத அண்டா, குண்டாவுக்குப் பரண். பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் பாலுக்கும் தயிருக்கும் உறி. அன்றாடத் துணிக்குக் கொடி. பட்டுக்கும் பத்திரத்துக்கும் கால் வைத்த மரப்பெட்டி. சிதம்பரம் பக்கத்து நெல் வீடுகளாக இருந்தால் குதிரும் பத்தாயமும். எங்கள் மீனவர் தெருவில் பரணின் முதல் உரிமை வலைக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் ஈரம், எடை, எத்தனை நாளுக்கு ஒருமுறை கை போகும் என்பதைப் பார்த்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதை யோசனையில்லாத கட்டுமானம் என்று சொல்ல, வீட்டைப் பார்க்காத கண் வேண்டும்.

அலமாரி என்ற சொல் போர்த்துக்கீசியம், பீரோ பிரெஞ்சு. பரங்கிப்பேட்டைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிற எங்களுக்கு இரண்டும் கூப்பிடு தூரம்தான். சொல் கப்பலில் வந்திருக்கலாம். சுவரைக் கட்டும்போதே அதில் குழி விட்டுக்கொண்டு போகும் பழக்கம் கப்பலில் வரவில்லை. மாடம், பிறை, பரண், உறி எல்லாம் இங்கேயே முளைத்த சொற்கள்.

சரி, அறிவு இருந்தது, ஆனால் இன்றைக்கு மலிவு ஆலைப் பலகைதானே என்பது இரண்டாவது வாதம். கடையில் அது மலிவுதான். எங்கள் ஊரில் எத்தனை மழைக்கு மலிவு என்று கேட்க வேண்டும்.

சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடி தண்ணீர் விடுவதைப் பார்க்காத வீடு இங்கே கிடையாது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் எங்கள் ஊர்க் காற்று அந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஜாடியில் நடப்பதேதான் வார்ட்ரோப்பின் கீலிலும் திருகாணியிலும் நடக்கிறது. கடற்காற்று கொண்டுவந்து படிய வைத்த மெல்லிய உப்புப் படலம் இரவும் பகலும் நனைந்தே இருக்கிறது. இரும்பு வேறென்ன செய்யும்?

பலகையின் கதை இன்னும் மோசம். விலை குறைந்த வார்ட்ரோப்புகளில் பெரும்பாலும் இருப்பது பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சீவலையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து, சூட்டில் அழுத்திச் செய்தது. அழுத்தி வைத்த சீவலுக்குள் ஈரம் புகுந்தால் அது பழைய பருமனுக்கு விரிகிறது. காய்ந்த பிறகும் திரும்பச் சுருங்குவதில்லை. உப்பிய பலகையில் திருகாணிக்குப் பிடிப்பு போகிறது. திருகாணி தளர்ந்தால் கதவு சாய்கிறது. சாய்ந்த கதவைத் தூக்கித் தூக்கி மூடுகிற வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் எத்தனையோ. எங்கள் ஆசாரி இதை ஒரே வரியில் முடித்தார்: "இதெல்லாம் ஏசி ரூமு பலக சார். நம்ம காத்துக்கு மூணு மழ தாங்காது."

இன்னொன்றையும் அளவெடுக்க வருபவர் சொல்ல மாட்டார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். அடியிலிருந்து ஏறுகிற ஈரத்தைக் காற்றுப் படுகிற முகத்தில் வெளியே விட்டுக் காய்ந்துகொள்ளும். அந்த முகத்தை மைக்கா ஒட்டிய பலகையால் தரையிலிருந்து உச்சி வரை மூடினால், ஈரம் போக வழியில்லாமல் பலகையின் முதுகில் தங்கும். முதுகில் பூஞ்சை, உள்ளே துணியில் வாடை. நான்கு மூலையிலும் நாப்தலின் உருண்டை போட்டும் போகாத அந்த வாடைக்குத்தான் சதுர அடிக் கணக்கில் காசு கொடுக்கிறோம்.

இங்கே எதிர்த்தரப்பு சுதாரித்துக்கொள்ளும். "நல்ல பிளைவுட் போடுங்க, 710 போடுங்க" என்று சொல்வார்கள். நியாயமான பேச்சு. ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற மரைன் பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்கிற சோதனையில் தேறியது. அதன் தரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதைச் சொன்ன நிமிடமே 'மலிவு' என்ற வாதத்தை அவர்களே கைவிட்டுவிட்டார்கள். பலகை தேறினாலும் கீல் தேற வேண்டும், ஓரப்பட்டி தேற வேண்டும், முதுகுப் பலகைக்கு எதைப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். விலைப்பட்டியலில் 710, முதுகில் எம்.ஆர். ரகம் என்கிற வேலையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈரம் தாங்கும் என்று பெயர் வைத்த எம்.ஆர். ரகம் நீரைத் தாங்காது.

ஸ்டீல் பீரோவைப் பற்றி ஒரு வார்த்தை. கோத்ரெஜ் 1923 இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியதிலிருந்து நம் குடும்பங்களின் நகையும் பத்திரமும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் தூங்குகின்றன. அதற்கு மரியாதை உண்டு. கடலோரத்தில் அதன் கால்தான் முதலில் போகும். செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும். இருக்கிற பீரோவை வைத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்துவதற்காகச் சுவர் அலமாரியை அடைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மூன்றாவது வாதம்தான் எனக்கு அதிகம் கோபம் வர வைப்பது. இடத்தை மிச்சம் பிடிக்கக் கட்டிலுக்குள் பெட்டி, சோபாவுக்குள் பெட்டி, படிக்கட்டின் கீழே இழுப்பறை. படத்தில் பார்க்க அழகு. கடலூருக்கு இந்த யோசனை சொல்கிறவர் இந்த ஊரின் நாட்காட்டியைப் பார்த்திருக்க மாட்டார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. 2011 டிசம்பர் 30 தானே புயல். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம். கெடிலம் ஒரு பக்கம், தென்பெண்ணை ஒரு பக்கம், எதிரே கடல் என்று இருக்கிற ஊரில், வீட்டின் விலைமதிக்க முடியாத பொருளைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைக்கச் சொல்வது யோசனையா, சாபமா?

ஆழிப்பேரலைக்கு எந்தப் பரணும் பதில் இல்லை. அதை எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முழங்கால் வெள்ளம், இடுப்பு வெள்ளம் வருகிற வருஷங்கள்தான் அதிகம். அந்த வருஷங்களில் பரண்தான் வீட்டைக் காப்பாற்றியது. தண்ணீர் வடிந்த பிறகு மக்கள் முதலில் தேடியது ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, அழிந்துபோன ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. அந்த வரிசையில் நின்றவர்களிடம் போய், கட்டிலுக்கு அடியில் இடம் வீணாகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிற உபதேசமும் உண்டு. "உங்களுக்கு இடம் பிரச்சினையில்லை, சாமான்தான் அதிகம். தூக்கிப் போடுங்கள், மனசு லேசாகும்." வேண்டும்போது வாங்கிக்கொள்ளக் காசு இருக்கிறவரின் தத்துவம் இது. எங்கள் தெருவில் பழைய வலை குப்பையில்லை. அடுத்த வலைக்கு ஒட்டு. பெரிய அண்டா வருஷத்தில் இரண்டு நாள்தான் இறங்கும். அந்த இரண்டு நாளும் நாலு வீட்டுக்குப் போகும். ஒரே காலையில் எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நிவாரணப் பாயிலிருந்து வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கிய ஊர் இது. அங்கே ஒருத்தி எவர்சில்வர் குடத்தைப் பரணில் ஏற்றி வைப்பதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேண்டாததைக் கழிக்கப் போகிப் பண்டிகை இருக்கிறது. அது போதும்.

எதிர்த்தரப்பில் எனக்கு மிகவும் கனமாகப் பட்ட வாதத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். அதைச் சொன்னது என் அத்தை. "உனக்கென்னடா, பரண் பரண்ணு எழுதிட்டுப் போயிடுவ. ஏணி போட்டு ஏறி இறங்கி இடுப்பு போனது யாருக்கு? திறந்த அலமாரியில பல்லியும் தூசியும் தட்டினது யாரு? கல்யாணமாகி வந்த வூட்ல எனக்குன்னு பூட்டி வைக்க இருந்தது அந்த சீர் பீரோ ஒண்ணுதான்."

இதற்கு நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. அத்தை சொன்னது மூன்றும் உண்மை. பழைய வீட்டின் ஏற்பாடு வேலை செய்ய ஆள் இருந்த காலத்தது. அந்த ஆள் பெரும்பாலும் மருமகளாக இருந்தாள். பெண்ணுக்கென்று ஒரு கதவும் ஒரு சாவியும் வேண்டும் என்பது அந்த வீட்டைக் கட்டியவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அத்தை கேட்பது பூட்டும் கதவும் கை எட்டும் உயரமும். மரத்தூள் பலகை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சுவர் அலமாரிக்குக் கதவு போடலாம், பூட்டுப் போடலாம். கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள தட்டுகளை அன்றாடத்துக்கு வைத்துக்கொண்டு, பரணை வருஷத்தில் இரண்டு முறை இறக்குகிற பொருளுக்கும், மழைக்காலத்தில் மட்டும் ஏற்றுகிற ஆவணப் பெட்டிக்கும் ஒதுக்கலாம். ஏறுவது வீட்டு ஆண்களின் வேலை என்று வைத்தால் கூரை ஒன்றும் இடிந்துவிடாது.

அப்படியே செய்தோம். அடைத்திருந்த அலமாரியைத் திறந்து, மரப்பலகைக்குப் பதில் கடப்பாக்கல் தட்டு வைத்தோம். கல்லைக் கரையான் தின்னாது, உப்பு அரிக்காது, ஈரத்தில் உப்பாது. ஒரு தட்டு தாங்கலின்றி மூன்றடிக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பக்கமும் இரண்டு அங்குலமாவது சுவருக்குள் உட்கார வேண்டும் என்பதில் கொத்தனார் கறாராக இருந்தார். அடித்தட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தினோம். இரண்டு அறைக்கு நடுவே யாரும் புழங்காத வாசல் ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கத்தை மட்டும் அரைக்கல் சுவரால் அடைத்து, மறுபக்கத்திலிருந்து ஐந்து தட்டு வைத்ததும் அது பெரிய அலமாரியாகிவிட்டது. எந்தச் சுவரையும் புதிதாக உடைக்கவில்லை. கதவுக்கு அலுமினியச் சட்டம், மேலும் கீழும் காற்று போக கம்பி வலை, நடுவில் பூட்டு. புடவை தொங்க எவர்சில்வர் குழாய். பூச்சு சுண்ணாம்பில். கல், சிமெண்டு, கூலி, கதவு எல்லாம் சேர்ந்து இருபத்தேழாயிரம் சொச்சம். அளவுக் கருவிக்காரர் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கு. சாவி அத்தையின் இடுப்பில்.

கல் தட்டு எடை என்று தயங்குகிறவர்களுக்கு ஃபெரோசிமெண்டு இருக்கிறது. கோழிவலையைப் பரப்பி, மெல்லிய சிமெண்டுக் கலவை பூசி, ஒரு அங்குல கனத்தில் வார்க்கிற தட்டு. பக்கத்து ஆரோவில்லில் இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிறார்கள். பழகிய கொத்தனார் உங்கள் வாசலிலேயே வார்த்துக் கொடுப்பார். ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆற வைக்க வேண்டும், அவ்வளவுதான். கேரளத்தில் லாரி பேக்கர் வாழ்நாளெல்லாம் சொன்னதும் இதன் சாரம்தான்: உள்ளூர்ப் பொருளும் உள்ளூர்க் கையும் செய்து முடிக்கிற வேலைக்கு வெளியூர் விலை கொடுக்காதே.

எல்லை சொல்லாமல் மறுப்பது நேர்மையாகாது. வாடகை வீட்டில் இருப்பவர் சுவரில் கை வைக்க முடியாது. அவருக்குக் கால் உயர்ந்த, பின்பக்கம் திறந்த சட்ட அலமாரிதான் வழி. ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு அடி ஆழத்துக்கு அலமாரி குடையப் போகக் கூடாது. உத்தரமோ விட்டமோ உட்காருகிற இடத்துக்குக் கீழே உளியே வைக்கக் கூடாது. பழைய காரைச் சுவரில் புதிதாகக் குடைவதை விட, அடைத்ததைத் திறப்பதும், வேண்டாத வாசலை மாற்றுவதும்தான் பத்திரம். குளிரூட்டிய, ஈரம் அடங்கிய அடுக்குமாடி வீட்டில் ஆலை வார்ட்ரோப் நன்றாக உழைக்கலாம். அந்த வீட்டுக்காரரோடு எனக்கு வழக்கில்லை. அந்த வீட்டுக்குச் செய்ததை எங்கள் வீட்டுக்கும் பொது மருந்தாக விற்பவரோடுதான் வழக்கு.

ஃபெஞ்சல் மழை ஓய்ந்து தை வெயில் வந்ததும் அத்தை புதிய அலமாரியைத் திறந்து ஒவ்வொரு புடவையாக மோந்து பார்த்தார். பிறகு வழக்கம்போல வெயிலில் போடக் கொடியைத் துடைக்கச் சொன்னார். நல்லதாக இருக்கிறது என்று வாயால் சொல்லவில்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்குப் போனபோது, பேசிக்கொண்டே அவர்கள் கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டு நின்றார்.